மருந்து என்னும் சொல்லும் பப்பாளி மாவுப்பூச்சியும்

(நீண்ட பதிவு. வேளாண் அறிவியல், மொழியியல், சமூக அறிவியல் ஆகிய துறைகளில் பயில்வோரும் பயிற்றுவோரும் பொறுமையுடன் வாசித்து மாற்றுக் கருத்து இருப்பின் தெரிவிக்க வேண்டுகிறேன்.)

தமிழில் பயிருக்கு ‘மருந்தடிக்கிறோம்’. மலையாளத்தில் அது ‘மருந்நு’, தெலுங்கில் ‘புருகுல மந்து’, கன்னடத்தில் ‘ஔஷதி’, மராத்தியில் ‘ஔஷத்’, இந்தியில் ‘தவாயி’. இருவேறு மொழிக்குடும்பங்களைச் சேர்ந்த இத்தனை மொழிகளும் ஒரே முடிவுக்கு வந்திருப்பது வியப்பளிக்கிறது. பூச்சியைக் கொல்வதற்காக உருவாக்கப்பட்ட நஞ்சை இந்திய உழவர்கள் தத்தம் மொழியில் நோய் தீர்க்கும் பொருளின் பெயராலேயே அழைக்கின்றனர். ‘பூச்சிக்கொல்லி’ என்ற துல்லியமான சொல் தமிழில் இருக்கிறது. பாடநூலிலும் அரசாணையிலும் வாழ்கிறது. வயல்வெளியில் வழங்குவது ‘மருந்து’ மட்டுமே.

இதனைச் சொல்லாராய்ச்சிக்குரிய ஒரு வேடிக்கையாகக் கருதிக் கடந்துவிடலாம். மொழியியலில் முதுகலை பயின்ற எனக்கும் தொடக்கத்தில் அவ்வாறே தோன்றியது. ஆயின், அயல்நாட்டிலிருந்து ஒரு புதிய பூச்சி வந்து சேரும்போது நாம் என்ன செய்கிறோம், எதனை எவ்வளவு தாமதமாகச் செய்கிறோம் என்பதை உற்றுநோக்கினால், இச்சொல்லின் பின்னே ஒரு முழுச் சிந்தனை முறையே இயங்குவதை உணரலாம். மருந்து என்றால் நோயாளி இருக்க வேண்டும். நோய்க்கு உடனடித் தீர்வு இருக்க வேண்டும். தீர்வு கடையில் கிடைக்க வேண்டும். குணமாகாவிடில் அளவைக் கூட்ட வேண்டும். இந்நான்கு எதிர்பார்ப்புகளும் அயல் பூச்சிகளின் விடயத்தில் பொய்த்துப்போகின்றன. அதற்கு இந்தியாவில் நிகழ்ந்த மிகத் தெளிவான சான்று பப்பாளி மாவுப்பூச்சி. அதனை முன்வைத்தே இப்பதிவை எழுதுகிறேன்.

பாராக்காக்கஸ் மார்ஜினேட்டஸ் என்பது அதன் அறிவியல் பெயர். மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் அதன் தாயகம். அங்கே அது பெருந்தொல்லையாக இருந்ததில்லை. அதனை உண்டு வாழும் இயற்கை எதிரிகள் அதன் பெருக்கத்தைக் கட்டுக்குள் வைத்திருந்தன. மெக்சிகோவில் 1955ஆம் ஆண்டிலேயே சேகரிக்கப்பட்ட இப்பூச்சி, தனிச் சிற்றினமாக அறிவியல் முறைப்படி விவரிக்கப்பட்டது 1992ஆம் ஆண்டில்தான். தாயகத்தில் ஊறு செய்யாத பூச்சிக்குப் பெயர் சூட்ட யாருக்கும் அவசரம் இல்லை. பின்னர்க் கரீபியத் தீவுகளுக்கும், 1998இல் புளோரிடாவுக்கும், 2002இல் குவாமுக்கும், 2003இல் பலாவுக்கும், 2004இல் ஹவாய்க்கும் அது பரவியது. 2008ஆம் ஆண்டு ஜூலையில் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் கேரளம், கருநாடகம், மராட்டியம் எனப் பரந்துவிட்டது.

இலையின் அடிப்புறத்திலும் தண்டிலும் காயிலும் வெண்பஞ்சு ஒட்டியதுபோல் கூட்டங்கூட்டமாகப் படிந்து சாற்றை உறிஞ்சுவது இதன் இயல்பு. அது வெளியேற்றும் தேன் போன்ற கழிவின்மேல் கரும்பூசணம் படரும். அக்கழிவை நாடி எறும்புகள் வரும். வந்த எறும்புகள் மாவுப்பூச்சியின் எதிரிகளை விரட்டி அதற்குக் காவலாக நிற்கும். ஒரு பெண்பூச்சி 100 முதல் 600 வரையிலான முட்டைகளை மெழுகிழைகளால் ஆன பையில் இடும். இளம்பூச்சிகள் காற்றிலும் எறும்பிலும் ஆடையிலும் ஏற்றிச்செல்லும் கூடையிலும் பயணம் செய்யும். பப்பாளியோடு இது நின்றுவிடுவதுமில்லை. மல்பெரி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி, வரப்போரத்துப் பார்த்தீனியம் என 60க்கும் மேற்பட்ட செடிகொடிகளில் வாழவல்லது. தோப்பிலுள்ள பப்பாளி மரங்களை வெட்டி எரித்த உழவரின் வேலியோரத்தில் அது பத்திரமாக இருந்தது.

இதற்கு ‘மருந்து’ அடித்தால் என்னவாகும்? உடலைப் போர்த்தியுள்ள மெழுகுப்படலம் நீரில் கரைத்த நஞ்சை எளிதில் உட்புக விடாது. பைக்குள் இருக்கும் முட்டைகளுக்கு ஊறு நேராது. இலைமடிப்பிலும் காய்களின் இடுக்கிலும் பதுங்கியவை தப்பும். எஞ்சியவை சில வாரங்களில் மீண்டும் பெருகும். பொறிவண்டுகளும் மாவுப்பூச்சியைத் தின்னும் பட்டாம்பூச்சிப் புழுக்களும் ஏற்கெனவே நம் நிலத்தில் உள்ளன. தெளிக்கும் நஞ்சால் அவையும் மடியும். ஆகவே ஒவ்வொரு தெளிப்பும் அடுத்த தெளிப்பைத் தேவையாக்கியது. குணமாகாத நோயாளிக்கு மருந்தின் அளவைக் கூட்டும் தருக்கம் இங்கே முழுமையாகச் செயல்பட்டது.

மல்பெரி பயிரிட்ட பட்டு உழவர்களின் நிலை இன்னும் இக்கட்டானது. நஞ்சு தெளித்த இலையைத் தின்றால் பட்டுப்புழு இறந்துபோகும். தெளிக்காவிடில் இலையே மிஞ்சாது. ‘மருந்து’ என்ற சொல்லின் பொருந்தாமை அவர்களுக்கு எவ்வகை விளக்கமுமின்றிப் புலப்பட்டிருக்கும். ஒரு பூச்சியைக் கொல்வது எல்லாப் பூச்சியையும் கொல்லும் என்பது பட்டுப்புழு வளர்ப்போர்க்கு அன்றாட அறிவு.

தீர்வு வேறிடத்திலிருந்து வந்தது. பெங்களூரில் இயங்கிய தேசிய வேளாண் முக்கியத்துவப் பூச்சிகள் பணியகம் (இன்று அதன் பெயர் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம்) அமெரிக்க வேளாண் துறையின் உதவியுடன் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து 2010ஆம் ஆண்டில் மூவகை ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்தது. அசெரோஃபேகஸ் பப்பாயே, அனாகைரஸ் லோக்கி, சூட்லெப்டோமாஸ்டிக்ஸ் மெக்சிகானா என்பன அவற்றின் பெயர்கள். தனிமைப்படுத்தப்பட்ட ஆய்வகத்தில் வைத்துச் சோதித்த பின், வேளாண் பல்கலைக்கழகங்களும் வேளாண் அறிவியல் நிலையங்களும் அவற்றைப் பெருக்கி உழவர்க்கு வழங்கின. இவற்றுள் அசெரோஃபேகஸ் மிக விரைவாக நிலைபெற்றது. ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாத இக்குளவி, இளம் மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். உலர்ந்த கூட்டில் வட்டமான துளையிட்டுப் புதிய குளவி வெளியேறும். மனிதரைக் கொட்டாது; பயிரைத் தீண்டாது. சில மாதங்களிலேயே தோப்புகள் மீளத் தொடங்கின. இத்திட்டத்தால் ஐந்தாண்டுகளில் விளைந்த பொருளாதார நன்மை 50 கோடி அமெரிக்க டாலருக்கும் மேற்பட்டது என 2014இல் வெளியான ஒரு மதிப்பீடு கணக்கிட்டது. உழவர் அக்குளவிக்காக மீண்டும் மீண்டும் விலை கொடுக்க வேண்டியதில்லை. அது தானே பெருகி, தானே பரவி, மாவுப்பூச்சி குறைந்தபோது தானும் குறைந்தது.

இதுவரை கூறியது வேளாண் கல்லூரிகளில் வெற்றிக்கதையாகச் சொல்லித்தரப்படுவது. அதனை மறுப்பது என் நோக்கமன்று. அக்கதையில் போதிய கவனம் பெறாத ஓர் இடைவெளியைச் சுட்ட விரும்புகிறேன். பூச்சி கண்டறியப்பட்டது 2008 ஜூலையில். குளவிகள் வயலுக்கு வந்தது 2010இன் இறுதியில். ஏறத்தாழ இரண்டேகால் ஆண்டு. இக்காலத்தில் தீர்வு யாருக்கும் தெரியாமல் இருந்திருந்தால் இந்தத் தாமதத்தைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் குவாமிலும் பலாவிலும் இதே குளவிகள் இதே பூச்சியை அடக்கிவிட்டன என்பது 2008ஆம் ஆண்டுக்கு முன்பே ஆய்விதழ்களில் பதிவாகியிருந்தது. மருத்துவ உவமையையே கையாள்வதாயின், நோயும் அறியப்பட்டது, சிகிச்சையும் அறியப்பட்டது. இரண்டுக்கும் இடையே இரண்டேகால் ஆண்டு ‘மருந்து’ மட்டும் அடிக்கப்பட்டது.

அயல்நாட்டு உயிரினம் ஒன்றை இறக்குமதி செய்வதில் எச்சரிக்கை தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. 1795இல் சாயம் எடுக்கும் நோக்கில் பிரேசிலிலிருந்து வந்த ஒரு பூச்சியினம், எதிர்பார்த்த இனமாக இல்லாமல் வேறோர் இனமாக அமைந்து, இந்தியாவின் சப்பாத்திக் கள்ளியை அழிக்கப் பயன்பட்டது. அந்தப் பிழை நன்மையில் முடிந்தது. எல்லாப் பிழைகளும் அவ்வாறு முடிவதில்லை. எனவே சோதனைகளைச் சுருக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. பூச்சி வந்த பின் தொடங்கும் கடிதப் போக்குவரத்தையும் அனுமதி நடைமுறைகளையும் பூச்சி வருமுன்னரே தொடங்கலாம் என்பதே என் வாதம். எந்தெந்தப் பூச்சிகள் அண்டை நாடுகளை எட்டியுள்ளன, அவற்றின் இயற்கை எதிரிகள் எங்கே உள்ளன என்ற பட்டியல் அறிஞர்களிடம் இருக்கிறது. பட்டியல் இருந்தும் காத்திருப்பது, அடிக்கக் கையில் ஏதோ ஒன்று இருக்கிறது என்ற மனநிலையால்தான். மருந்துக்கடை திறந்திருக்கும்போது நோய்த்தடுப்புக்கு யார் செலவிடுவார்?

முன்கூட்டியே ஆயத்தமாவது இயலாத செயலன்று. மரவள்ளி மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தின் திருச்சூரில் கண்டறியப்பட்டபோது, ஆப்பிரிக்காவில் 1980களில் அதே பூச்சியை வென்ற அனாகைரஸ் லோபெசி என்னும் குளவி பெனின் நாட்டிலிருந்து அடுத்த ஆண்டே தருவிக்கப்பட்டு, 2022இல் சேலம் மாவட்டத்தில் விடப்பட்டது. முந்தைய பட்டறிவு வீண்போகவில்லை. அதற்கு எதிரான சான்றும் உண்டு. திரிப்ஸ் பார்விஸ்பைனஸ் என்னும் இலைப்பேன் 2015இலேயே பெங்களூரில் பப்பாளிச் செடியில் பதிவு செய்யப்பட்டது. 2021இல் அது ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் மிளகாய் வயல்களைச் சூறையாடியது. ஆறு ஆண்டுகள் எச்சரிக்கை கிடைத்தும், மிளகாய் உழவருக்கு அது முன்பின் அறியாத பூச்சியாகவே வந்து சேர்ந்தது. ‘இந்தியாவில் முதல் பதிவு’ என்ற தலைப்பில் வெளியாகும் கட்டுரை, எழுதியவரின் தன்விவரக் குறிப்பில் ஒரு வரியாகச் சேர்கிறது. அதே செய்தி தெலுங்கிலோ கன்னடத்திலோ ஒரு பக்க அறிவிப்பாக உழவரிடம் சேர வேண்டும் என்ற கட்டாயம் எந்தப் பல்கலைக்கழகத்தின் மதிப்பீட்டு முறையில் இருக்கிறது?

இங்கே பெயரிடல் என்னும் என் துறைசார்ந்த கேள்விக்கு வருகிறேன். உழவர் வழக்கில் வெண்மையாக ஒட்டியிருக்கும் அனைத்தும் ‘வெள்ளைப்பூச்சி’யாகிவிடுவதுண்டு. வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, பஞ்சுபோன்ற செதில் பூச்சி, ஆப்பிள் மரத்துக் கம்பளி அசுவினி ஆகிய நான்கும் கண்ணுக்கு ஒரே வெண்மை. வாழ்க்கை முறையில் வேறுவேறு. இது உழவரின் அறியாமை என்று எண்ணிவிடக் கூடாது. படித்தவர்களின் பொதுப்பெயரும் இதே குழப்பத்தை விளைவிக்கிறது.

வட இந்திய மாந்தோப்புகளில் ‘குஜியா’ என்றும் ‘தஹியா’ என்றும் மக்கள் அழைக்கும் பூச்சி ஒன்று உண்டு. ஆய்வாளர் அதனை மா மாவுப்பூச்சி என்பர். அதன் முட்டைகள் மண்ணில் இருக்கும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் பொரித்த இளம்பூச்சிகள் அடிமரத்தில் ஊர்ந்து மேலேறும். ஆகவே டிசம்பரிலேயே அடிமரத்தைச் சுற்றி வழுக்கும் பாலித்தீன் பட்டையைக் கட்டி, விளிம்பில் பசையைத் தடவிவிட்டால் அவை ஏற முடியாது. நஞ்சு தேவைப்படாத, மலிவான, பயனுள்ள முறை. பப்பாளி மாவுப்பூச்சிக்கு இதனைச் செய்தால் பயனில்லை. அது மண்ணிலிருந்து ஏறி வருவதில்லை. இலையிலேயே முட்டையிட்டு இலையிலேயே பெருகுகிறது. இரண்டும் வேறுவேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. ‘மாவுப்பூச்சி’ என்ற ஒரே சொல்லை மட்டும் கேட்டுப் பரிந்துரை வழங்கினால், ஓரிடத்தில் பலிக்கும் அறிவு மற்றோரிடத்தில் வீண்செலவாகும். அதே வேளையில், ‘குஜியா’ என்ற மக்கள் வழக்குச் சொல் அப்பூச்சியைத் தனித்து இனங்காட்டுகிறது என்பதையும் கவனிக்க. பாடநூல் ஒன்றாக்கியதை ஊர்வழக்கு பிரித்து வைத்திருக்கிறது. நெடுங்காலம் உடன் வாழ்ந்த பூச்சிக்கு மக்களிடம் பெயர் இருக்கும். நேற்று வந்த பூச்சிக்கு இருக்காது. அந்தப் பெயரின்மையே அயல் பூச்சியின் முதல் வலிமை.

பெயர் தவறினால் அறிவியல் உலகமும் தடுமாறும். 2003ஆம் ஆண்டு கென்யாவில் மாம்பழத்தைத் தாக்கும் புதிய பழ ஈ ஒன்று கண்டறியப்பட்டது. 2005இல் அதற்கு ‘ஊடுருவி’ எனப் பொருள்படும் வகையில் பாக்ட்ரோசெரா இன்வேடன்ஸ் என்று பெயரிட்டனர். பத்தாண்டு ஆய்வுகளுக்குப் பின், அது தனி இனமன்று, 1912இலேயே பெயர் பெற்றதும் ஆசியாவில் நெடுங்காலமாக அறியப்பட்டதுமான பாக்ட்ரோசெரா டார்சாலிஸே என்று 2015இல் முடிவாயிற்று. இந்திய மாந்தோப்புகளில் மெத்தில் யூஜினால் பொறி வைத்து நாம் பிடிக்கும் அதே ஈ. ஒரே உயிருக்கு இருபெயர் வழங்கிய காலத்தில் ஏற்றுமதி விதிகளும் பட்டியல்களும் இரண்டாகக் கிடந்தன; ஓரிடத்தில் திரண்ட அறிவு மற்றோரிடத்துக்கு உரியதா என்று ஐயுற வேண்டியிருந்தது. பெயர் ஒன்றானபோது அறிவும் ஒன்றாயிற்று.

இந்நிகழ்வில் நமக்கு மற்றுமொரு பாடம் உண்டு. ‘படையெடுப்பு’, ‘ஊடுருவல்’, ‘அன்னியப் பூச்சி’ என்னும் சொற்களை நாளிதழ்களும் நாமும் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். ஆசியாவின் பழ ஈ ஆப்பிரிக்காவுக்குப் போனால் அங்கே நாம் அன்னியர். 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் பழ ஈயைக் காரணங்காட்டி இந்திய மாம்பழத்துக்குத் தடை விதித்தபோது நாம் அதனை அநீதியாக உணர்ந்தோம். அடுத்த ஆண்டு சனவரியில் தடை நீங்கியபோது மகிழ்ந்தோம். எல்லையின் மறுபக்கத்தில் நின்றால் அதே தடை முன்னெச்சரிக்கை. பூச்சிக்கு நாடும் இல்லை, பகையும் இல்லை. அதனை ஏற்றிச் செல்வது நாற்றும் பழக்கூடையும் கப்பலும் நம் பயணப்பையும்தான். ‘படையெடுப்பு’ என்று சொன்னவுடன் அதன் வருகையில் நம் பங்கு மறைந்து, ‘ஒழிப்பு’ என்ற விடை தானாக வந்து நிற்கிறது. தமிழில் மருந்து என்ற சொல் ‘வெடிமருந்து’ என்னும் தொடரிலும் வாழ்வதை எண்ணிப் பார்க்கலாம்.

1914ஆம் ஆண்டின் அழிவு செய்யும் பூச்சிகள் சட்டமும் 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையும் இந்நாட்டில் உள்ளன. அவை பேசுவது போரைப் பற்றியன்று. பொருள்களின் நடமாட்டத்தைப் பற்றி. சட்டத்தின் சொல் நிதானமாக இருக்கிறது, பொதுப்பேச்சின் சொல் கொதிக்கிறது.

இவ்வாதத்துக்கு எதிராக எழக்கூடிய வலுவான மறுப்பொன்றை நேர்மையாகக் கருத வேண்டும். ‘சொல்லை மாற்றினால் பூச்சி போய்விடுமா? உழவர் மருந்து என்று சொல்வதால் தெளிப்பதில்லை. கடனில் பயிரிட்டிருக்கிறார், காய் கண்ணெதிரே வீணாகிறது, வேளாண் அலுவலர் தொலைவில் இருக்கிறார், பூச்சிக்கொல்லிக் கடைக்காரர் அருகில் இருக்கிறார், கடனுக்கும் கொடுக்கிறார்’ என்பது அம்மறுப்பு. இது முற்றிலும் உண்மை. இந்தியாவின் பல ஊர்களில் உழவரின் முதல் ஆலோசகர் கடைக்காரரே. பொருளியல் நெருக்கடியைச் சொல்லாராய்ச்சியால் தீர்க்க முடியாது. 1985ஆம் ஆண்டு முதலே ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மையைக் கொள்கையாக ஏற்ற நாட்டில், கொள்கைக்கும் கடைக்கும் இடையிலான தொலைவு இன்னும் குறையவில்லை.

ஆனாலும் சொல் அந்நெருக்கடிக்கு வெளியே நிற்பதன்று. அதனுள்ளேயே வேலை செய்கிறது. நஞ்சு என்று அறிந்தவர் முகத்தை மூடுவார், காற்றின் திசையைப் பார்ப்பார், குழந்தைகளை அப்புறப்படுத்துவார். மருந்து என்று பழகியவர் வெறுங்கையால் கலக்குவார். 2017இல் மராட்டியத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்குத் தெளிப்பு வேலை செய்த இருபதுக்கும் மேற்பட்டோர் நஞ்சேறி இறந்தனர். அச்சாவுகளுக்குக் காரணங்கள் பல. பாதுகாப்புக் கருவி இன்மையும் கட்டுப்பாடற்ற விற்பனையும் அவற்றுள் முதன்மையானவை. எனினும், தான் கையாள்வது ‘ஔஷத்’ என்ற சொல்லோடு வயலுக்குள் இறங்கிய கூலித்தொழிலாளியிடம் அச்சொல் எந்த எச்சரிக்கையையும் சொல்லியிருக்காது. கலனின்மேல் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நிற முக்கோணங்கள் அச்சிடப்படுகின்றன. அவற்றில் பச்சை ‘குறைந்த நச்சுத்தன்மை’யைக் குறிக்கும். பச்சையைத் தீங்கற்றதாகவும் இயற்கையானதாகவும் படிப்பதற்கே நம் கண் பழகியிருக்கிறது. குறியீட்டை அமைத்தவரின் பொருளும் படிப்பவரின் பொருளும் எங்கே பிரிகின்றன என்பது குறியியல் மாணவர் எவரும் முதல் பருவத்திலேயே கற்கும் கேள்வி. அக்கேள்வி இக்கலனின்மேல் கேட்கப்பட வேண்டும்.

மறுபுறம், நமக்கு உதவும் உயிர்களுக்கு நாம் வைத்த பெயரைப் பாருங்கள். ‘ஒட்டுண்ணி’. பிறர் உழைப்பில் வாழ்பவரை இகழ்வதற்குப் பயன்படும் சொல். தோப்பு முழுவதையும் காப்பாற்றிய உயிருக்கு அதே பெயர். அதனோடு ‘குளவி’ என்று சேர்த்துச் சொன்னால் கேட்பவர் கொட்டுக்கு அஞ்சுவார். இழப்பின் விளிம்பில் நிற்கும் ஒருவரிடம் ‘உங்கள் தோப்பில் ஒட்டுண்ணிக் குளவிகளை விடப்போகிறோம்’ என்று அறிவிப்பதும், ‘இதோ மருந்து’ என்று புட்டியை நீட்டுவதும் ஒரே எடையில் நிற்கும் இரு தேர்வுகள் அல்ல. இந்தியில் ‘மித்ர கீட்’ என்றும் தெலுங்கில் ‘மித்ர புருகுலு’ என்றும் நட்புப் பூச்சி என்னும் பொருளில் வழங்கும் சொற்கள் பரவலாகிவிட்டன. தமிழில் ‘நன்மை செய்யும் பூச்சி’ என்ற தொடர் உண்டு. நீளமாக இருப்பதால் பேச்சில் ஊன்றவில்லை. சொல்லாக்கத்தில் ஆர்வமுள்ளோர் கலைச்சொல் அகராதிக்கு அப்பால் வந்து செய்ய வேண்டிய பணி இது.

இவற்றிலிருந்து நான் வந்தடையும் கருத்துகள் நான்கு.

முதலாவது, பூச்சி வகைப்பாட்டியலாளர்களை நாம் இழந்துகொண்டிருக்கக் கூடாது. மாவுப்பூச்சியின் இனத்தை உறுதிசெய்ய, அதன் உடலைக் கண்ணாடித் தகட்டில் பதித்து நுண்ணோக்கியில் துளைகளையும் மயிர்களையும் எண்ணத் தெரிந்தவர் வேண்டும். பப்பாளி மாவுப்பூச்சியைச் சாராயத்தில் இட்டால் ஓரிரு நாளில் நீலங்கலந்த கருமையாக மாறும் என்பது போன்ற எளிய அடையாளங்களும் அத்தகையோர் கண்டு சொன்னவையே. பெயரே தெரியாத பூச்சிக்கு எதிரியைத் தேடுவது எப்படி? இத்துறைக்கான பணியிடங்களை நிரப்பக் கோருவது பூச்சியியலாளரின் கோரிக்கையாக மட்டும் இருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, ஓர் அயல் பூச்சியைப் பற்றிய முதல் பதிவு ஆய்விதழில் ஏற்கப்பட்டவுடன், அப்பூச்சி கண்டறியப்பட்ட மாநிலத்தின் மொழியிலும் அண்டை மாநிலங்களின் மொழிகளிலும் படத்துடன் கூடிய ஓர் அறிவிப்பு வெளியாக வேண்டும். அதனை எழுதுவது ஆய்வுப் பணியாகவே மதிப்பிடப்பட வேண்டும். அதில் பூச்சியின் உள்ளூர்ப் பெயர், அதனோடு குழப்பிக்கொள்ளக்கூடிய பிற பூச்சிகள், செய்யக் கூடாதவை ஆகிய மூன்றும் இடம்பெற வேண்டும். செய்யக் கூடாதவற்றை முதலில் சொல்வது பெரும்பாலும் செய்ய வேண்டியவற்றைவிட மதிப்புமிக்கது.

மூன்றாவது, இயற்கை எதிரிகளை இறக்குமதி செய்வதற்கான ஆயத்தம் பூச்சி வருமுன் தொடங்க வேண்டும். அதற்கு நிலையான பொதுநிதி தேவை. தானே பெருகும் குளவியை விற்று எவரும் ஆண்டுதோறும் வருவாய் ஈட்ட முடியாது. ஆதலால் தனியார் முதலீடு இதனை நாடி வராது. இது பொது நிறுவனங்கள் மட்டுமே செய்யக்கூடிய பணி. செய்து காட்டிய பணியும்கூட. எல்லாப் பூச்சிக்கும் இப்படியொரு குளவி கிடைத்துவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கிடைக்காத இடத்தில் பொறியும் பட்டையும் தோட்டத் தூய்மையும் பொருளாதாரச் சேதநிலையை எட்டிய பின் அளவோடு தெளிக்கும் நஞ்சும் தேவைப்படும். நஞ்சே கூடாது என்பது என் நிலைப்பாடன்று. அது நஞ்சு என்று அறிந்து, இறுதியாகக் கையாளப்பட வேண்டும்.

நான்காவது, மொழித் துறைகளுக்கும் வேளாண் பல்கலைக்கழகங்களுக்கும் இடையிலுள்ள சுவரைப் பற்றியது. வட்டாரச் சொற்களைத் தொகுக்கும் முனைவர் பட்ட ஆய்வுகள் ஒவ்வோர் ஆண்டும் வருகின்றன. வேளாண் சொற்களைத் தொகுப்போர் ஏர், கலப்பை, நீர்ப்பாசனம் ஆகியவற்றில் நிற்கின்றனர். பூச்சிகளின் பெயர்கள், நோய்களின் பெயர்கள், அவற்றை மக்கள் வகைப்படுத்தும் முறை ஆகியவற்றைக் களத்தில் தொகுத்து, பூச்சியியலாளருடன் அமர்ந்து அறிவியல் பெயரோடு பொருத்தித் தரும் ஆய்வு எத்தனை இருக்கிறது? ‘குஜியா’வைப் போன்ற சொற்கள் ஒவ்வொரு மொழியிலும் இருக்கும். அவற்றைப் பேசுவோர் முதியோர். இப்பணிக்குக் காலம் மிகுதியாக இல்லை.

ஒரு சொல்லை மக்கள் வழக்கிலிருந்து ஆணையிட்டு நீக்க முடியாது என்பது மொழியியலின் முதல் பாடம். ‘மருந்து’ நாளையே ‘நஞ்சு’ ஆகிவிடாது. ஆனால் பயிற்சிக் கூட்டத்திலும் துண்டறிக்கையிலும் வகுப்பறையிலும் எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது என்பது நம் கையில் இருக்கிறது. வேளாண் கல்லூரி மாணவர்கள் தம் ஊரக அனுபவப் பயிற்சிக்குச் செல்லும்போது உழவரின் சொல்லைத் திருத்தப் போக வேண்டியதில்லை. இந்தப் பூச்சியை நீங்கள் என்ன சொல்லி அழைக்கிறீர்கள் என்று கேட்டு எழுதி வரலாம். அடுத்த அயல் பூச்சி ஏதோவொரு துறைமுகத்திலோ நாற்றுப்பண்ணையிலோ ஏற்கெனவே இறங்கியிருக்கலாம். அதற்கு நம் மொழிகளில் இன்னும் பெயர் இல்லை. கடையில் அதற்குரிய புட்டி மட்டும் இப்போதே அடுக்கி வைக்கப்பட்டிருக்கும்.

தத்தம் வட்டாரத்தில் வழங்கும் பூச்சிப் பெயர்களைக் கீழே பதிவிடுங்கள். ஊர், பயிர், பூச்சி தோன்றும் மாதம் ஆகியவற்றையும் சேர்த்துக் குறிப்பிட்டால் பயன் மிகும்.